பொருளாதார மந்தத்தில் ஆர்வத்துக்காக நடத்தும் இணையத் தளங்கள் எல்லாம் மூடித்தான் ஆகணுமா?

கேள்வி: 2008 நவம்பர் 14

அமெரிக்க வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. என் தளத்தின் விளம்பர வருமானம் பாதியாகிவிட்டது. தெரிந்த நாலைந்து பேரும் இதையேதான் சொல்கிறார்கள். ஆர்வத்துக்காகத் தளம் நடத்திக்கொண்டு, சர்வர் வாடகையை விளம்பரத்தில் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அடுத்த வருஷ முடிவுக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். அண்ணா, நீங்களும் ஒரு தளம் வைத்திருக்கிறீர்களே, உங்கள் கணக்கு என்ன சொல்கிறது?

2008 நவம்பர் 14, இரவு

மறுக்கிறேன் தம்பி. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

என் தளம் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பது பற்றியது. 2001-ல் ஆரம்பித்தேன். ஆகஸ்ட் மாத விளம்பர வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டால், செப்டம்பரில் 84, அக்டோபரில் 57. இந்த மாதம் போகிற போக்கைப் பார்த்தால் 45-ல் வந்து நிற்கும். ஆக உங்கள் நிலைமைதான் எனக்கும். வாசகர்கள் குறையவில்லை, போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடவே வருகிறார்கள். கிளிக்கும் பெரிதாகக் குறையவில்லை. ஒரு கிளிக்குக்குக் கிடைக்கும் காசுதான் இறங்கிவிட்டது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். 2001-லும் 2002-லும் என் தளத்தில் ஒரு விளம்பரம்கூடக் கிடையாது. அப்போதும் ஒரு மந்தம் இருந்தது, இணைய நிறுவனப் பங்குகள் ஏகத்துக்கு வீங்கிய டாட்காம் குமிழி வெடித்து ஓய்ந்த நேரம். தளம் நடந்தது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2003-ல் வந்த பிறகுதான் என்னைப் போன்ற சின்ன ஆட்களுக்கும் விளம்பரம் என்று ஒன்று எட்டியது. அதற்கு முன் விளம்பர வலையமைப்புகள் இந்த அளவுத் தளங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்படியானால் அன்றைக்கு ஓடிய தளம் இன்றைக்கு ஏன் ஓடாது? ஓடாதுதான், ஏனென்றால் நடுவில் நான் செலவை ஏற்றிக்கொண்டேன். 2005-ல் ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கை விட்டுத் தனி சர்வர் எடுத்தேன். அதற்கடுத்த வருஷம் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு மாறினேன். தேவைப்பட்டதா என்று கேட்டால், காசு வந்தது, அதனால் மாறினேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். விரல் இப்போது சுருங்கிவிட்டது, வீக்கம் அப்படியே இருக்கிறது.

2008 நவம்பர் 15

ஒரு துணுக்கு. என் தளத்தில் அதிகம் படிக்கப்படும் பக்கம், லென்ஸுக்குள் படரும் பூஞ்சையை எடுப்பது எப்படி என்பது. அந்தப் பக்கத்தில் நாலு வருஷமாக வரும் விளம்பரம் என்ன தெரியுமா? கால் நகப் பூஞ்சைக்கு மருந்து. விளம்பர நிரலுக்கு லென்ஸாவது நகமாவது, பூஞ்சை என்றால் பூஞ்சை. கேமரா விளம்பரங்களைவிட அதற்குத்தான் விலை அதிகம். கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், என் சர்வர் வாடகையில் பெரும்பகுதியை இத்தனை நாள் கட்டியது மற்றவர்களின் கால் நகம்தான்.

கேமரா விற்பவர்கள் செப்டம்பரிலேயே போய்விட்டார்கள். நக மருந்து இன்னும் இருக்கிறது. புதிதாக வந்திருப்பது கடன் அடைக்க ஆலோசனை தருகிறவர்கள்.

2008 நவம்பர் 19

"கிளிக் குறையாமல் காசு மட்டும் எப்படிப் பாதியாகும்?" என்று கேட்டிருந்தீர்கள். ஏலம்தான் காரணம்.

இந்த விளம்பர இடங்கள் ஏலத்தில் போகின்றன. ஜெயித்தவர் தான் கேட்ட விலையைக் கட்டுவதில்லை. தனக்கு அடுத்து நின்றவர் கேட்டதைவிட ஒரு துளி கூடக் கட்டினால் போதும். மூன்று பேர் 10, 8, 3 என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். முதல் ஆள் ஏறக்குறைய 8 கட்டுகிறார். மந்தம் வந்து அந்த நடு ஆள் மட்டும் விலகினால் என்ன ஆகும்? ஜெயிப்பவர் அதே ஆள்தான், அவர் கேட்பதும் அதே 10தான், ஆனால் கட்டுவது மூன்றைச் சுற்றித்தான். மூன்றில் ஒருவர் போனார், என் வருமானத்தில் பாதிக்கு மேல் போயிற்று.

தொலைக்காட்சிக்கும் பத்திரிகைக்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருப்பார்கள், நினைத்தவுடன் நிறுத்த முடியாது. இணைய விளம்பரத்தை ஒரு பொத்தானை அழுத்தி இன்று மாலையே நிறுத்தலாம். செலவைக் குறை என்று மேலிடம் சொன்னதும் கை முதலில் போவது அங்கேதான். இன்னொரு பக்கம், வேலை போனவர்கள் வீட்டில் உட்கார்ந்து இணையம் பார்க்கிறார்கள், பக்கப் பார்வைகள் கூடுகின்றன. சரக்கு கூடி, வாங்குபவர் குறைந்தால் விலை என்ன ஆகும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

இதில் நமக்கு எவ்வளவு பங்கு தருகிறார்கள் என்று கூகுள் இதுவரை வெளியில் சொன்னதில்லை. பாதிக்குப் பாதி இருக்கும் என்பது என் ஊகம்.

2008 டிசம்பர் 3

விளம்பரத்தை அதிகமாகப் போடுங்கள் என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். போட்டேன். பக்கத்துக்கு இரண்டு கட்டம் இருந்ததை ஐந்தாக்கினேன். முதல் வாரம் பத்தில் ஒரு பங்கு கூடியது. இரண்டாவது வாரம் பழைய நிலைக்கு வந்தது. இப்போது அதற்கும் கீழே.

கீழே இருக்கும் கட்டங்களில் வந்து விழுவது மலிவு விளம்பரங்கள். வாசகர் அதில் ஒன்றை அழுத்தினால், மேலே இருந்த நல்ல விலை விளம்பரத்தை அழுத்தாமல் போகிறார். அதைவிட மோசம், கண் பழகிவிடுகிறது. ஐந்து கட்டங்களையும் சேர்த்தே தாண்டிப் போகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நேற்று இரவு மூன்றை எடுத்துவிட்டேன்.

2008 டிசம்பர் 26

விக்கிப்பீடியாவின் மேலே ஜிம்மி வேல்ஸ் பெயரில் நன்கொடை வேண்டுகோள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விளம்பரம் போட்டால் முடிந்தது, ஏன் இப்படிக் கையேந்துகிறார்கள் என்று ஒருவர் இங்கே கேட்டார். 2002-ல் ஸ்பானிய விக்கிப்பீடியாவுக்கு விளம்பரம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதற்கே, எழுதிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பகுதியினர் பிரிந்து போய்த் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கிவிட்டார்கள். சும்மா எழுதித் தருகிறவர்களை வைத்து நடத்தும் இடத்தில் விளம்பரத்துக்குத் தனி விலை உண்டு.

என் நன்கொடை அனுபவம். 2006-ல் ஒரு பேபால் பொத்தான் வைத்தேன். "இந்தத் தளம் பிடித்திருந்தால் உதவுங்கள்" என்று எழுதியிருந்தேன். முதல் வாரம் 11 பேர். அடுத்த இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 9 பேர்.

இந்த மாதம் வாசகத்தை மாற்றினேன். அடுத்த ஆண்டு சர்வர் வாடகை இவ்வளவு, டொமைன் இவ்வளவு, இதுவரை வந்தது இவ்வளவு என்று மூன்றே வரி. 16 நாளில் நிறைந்துவிட்டது. நிறைந்ததும் பொத்தானை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு "ஏன் எடுத்தீர்கள், நான் போடலாம் என்று இருந்தேனே" என்று நாலு பேர் எழுதினார்கள். அடுத்த டிசம்பரில் அவர்கள் நிச்சயம் போடுவார்கள் பாருங்கள். திறந்தே கிடக்கிற உண்டியலை யாரும் கவனிப்பதில்லை.

2009 ஜனவரி 12

போச்சு. டிசம்பரில் 49-க்கு ஏறியிருந்தது, இந்த மாதம் 26-ல் நிற்கிறது. தம்பி, நீங்கள் சொன்னதுதான் சரியோ என்று தோன்றுகிறது. மந்தம் இப்போதுதான் உண்மையிலேயே வந்திருக்கிறது.

2009 ஜனவரி 14

மேலே எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். 2005 தொடங்கி எல்லா ஜனவரியிலும் டிசம்பரைவிட மூன்றில் ஒரு பங்காவது விழுந்திருக்கிறது. ஆண்டுக் கடைசியில் விளம்பரதாரர்கள் மிச்சமிருக்கும் பட்ஜெட்டைக் கொட்டித் தீர்க்கிறார்கள், ஜனவரியில் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். முன்பெல்லாம் காசோலை எப்படியும் வந்துகொண்டிருந்ததால் நான் கவனித்ததே இல்லை. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். மாதாமாதம் வந்தது இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதுதான் பயத்தைப் பெரிதாக்கிவிட்டது.

இனி எந்த மாதத்தையும் முந்தின மாதத்தோடு ஒப்பிடக் கூடாது, போன வருஷத்தின் அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். எட்டு வருஷம் தளம் நடத்துகிறவனுக்கு இது இன்றைக்குத்தான் உறைக்கிறது.

2009 பிப்ரவரி 8

ஒரு பெரிய தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாரும் சிரித்து முடித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

வாசகர் ஒருவர் மடல் போட்டிருந்தார்: "கையேட்டுப் பக்கங்களில் விளம்பரத்தை எடுத்துவிட்டீர்கள், ரொம்ப நன்றி, படிக்க நிம்மதியாக இருக்கிறது."

நான் எடுக்கவே இல்லையே!

போய்ப் பார்த்தால் உண்மைதான். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தளத்தின் டெம்ப்ளேட்டை, அதாவது பக்க வார்ப்புருவை, மாற்றினேன். கையேட்டுப் பக்கங்களுக்குத் தனி டெம்ப்ளேட். விளம்பர நிரலை அதில் ஒட்ட மறந்திருக்கிறேன். நாலு மாதமாக, என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தந்துகொண்டிருந்த பக்கங்களில் ஒரு விளம்பரம்கூட இல்லை. செப்டம்பரில் 84, அக்டோபரில் 57 என்று மேலே எழுதி, மந்தத்தின் மேல் பழியைப் போட்டேனே, அந்தச் சரிவில் ஒரு நல்ல பங்கு என் கைங்கரியம். நவம்பரில் ஐந்து கட்டங்களை மற்ற பக்கங்களில் திணித்துக்கொண்டிருந்தபோதும் முக்கியமான பக்கங்கள் காலியாகத்தான் கிடந்திருக்கின்றன.

நிரலைத் திரும்ப ஒட்டிவிட்டேன். இரண்டு நாளிலேயே தெரிகிறது, 38-ஐ ஒட்டி வரும் போலிருக்கிறது. மந்தம் உண்மைதான், ஆனால் நான் சொன்ன அளவுக்கு இல்லை. நன்றி மடல் எழுதிய வாசகருக்கு என்ன பதில் போடுவது என்று இன்னும் தெரியவில்லை.

2009 மார்ச் 15

செலவுப் பக்கம். இதுதான் இந்த இழையில் முதலில் எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

தனி சர்வர் எதற்கு எடுத்தேன் என்று மேலே சும்மா சொல்லிவிட்டுப் போனேன். பேண்ட்வித், அதாவது சர்வர் வெளியே அனுப்பும் தரவின் அளவு, போதவில்லை என்பதுதான் அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அது எங்கே போகிறது என்று இந்த மாதம்தான் சர்வர் பதிவேட்டை உட்கார்ந்து படித்தேன். மூன்று இரவு.

மொத்தத்தில் பாதிக்கு மேல் 31 பிடிஎஃப் கோப்புகள் தின்கின்றன. ஷட்டரைப் பிரிக்கும் வரிசையை நான் பேனாவால் வரைந்து வைத்திருந்த தாள்கள். 2004-ல் அவற்றை ஸ்கேன் செய்தபோது "தரமாக இருக்கட்டும்" என்று அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், முழு வண்ணத்தில் எடுத்திருக்கிறேன். கறுப்பு மையில் வெள்ளைத் தாளில் வரைந்த கோட்டுப் படத்துக்கு முழு வண்ணம்! தாளின் மஞ்சள் கறையும் பென்சில் அழித்த தடமும் துல்லியமாகத் தெரியும், அதற்காக ஒரு கோப்பு 40 மெகாபைட்.

அத்தனையையும் கறுப்பு வெள்ளையாக, அதாவது சாம்பல்கூட இல்லாமல் ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று மாற்றினேன். ஃபேக்ஸ் இயந்திரங்களுக்காக உருவாக்கிய குரூப் 4 சுருக்க முறை பிடிஎஃப்-இல் அப்படியே வேலை செய்கிறது. 40 மெகாபைட் கோப்பு ஒன்றரை மெகாபைட் ஆயிற்று. அச்சிட்டுப் பார்த்தால் கோடுகள் முன்பைவிடத் தெளிவு, கறை போய்விட்டதே.

அடுத்தது, என் படங்களைத் தங்கள் பக்கங்களில் நேரடியாக இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தவர்கள். ஏல விற்பனைப் பக்கங்களில் என் லென்ஸ் படத்தை என் சர்வரிலிருந்தே காட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு தளத்திலிருந்து கேட்டால் படம் தராதே என்று ஒரு நாலு வரி. பிறகு பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப் முறையை இயக்கினேன். வருஷக்கணக்கில் மாறாத பக்கங்களை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் கேட்டு உருவாக்காமல், ஒருமுறை உருவாக்கி வெறும் எச்டிஎம்எல் கோப்பாக வைத்தேன்.

பேண்ட்வித் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. தனி சர்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு சின்ன மெய்நிகர் சர்வருக்கு, அதாவது பெரிய சர்வர் ஒன்றில் பிரித்துத் தரும் ஒரு பகுதிக்கு, வந்துவிட்டேன். ஆகஸ்ட் வரை விளம்பரத்தில் வந்துகொண்டிருந்ததில் எவ்வளவு குறைந்ததோ, அதைவிட அதிகமாக மாதச் செலவு குறைந்திருக்கிறது. நாலு வருஷமாகக் கால் நக மருந்துக்காரர்கள் கட்டிய பணம் பழைய தாளின் மஞ்சள் கறையை உலகம் முழுக்க அனுப்பத்தான் போயிருக்கிறது.

2009 மார்ச் 16

நிரல் வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தனி மடலில் அனுப்பிவிட்டேன். எச்சரிக்கை: படத் திருட்டைத் தடுக்கும் வரிகளைப் போட்ட அன்று கூகுள் படத் தேடலையும் சேர்த்து அடைத்துவிட்டேன். ஒரு நாள் முழுக்க ட்ராஃபிக் சரிந்த பிறகுதான் கவனித்தேன். விதிவிலக்குப் பட்டியலைச் சரிபாருங்கள்.

2009 ஏப்ரல் 26

இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸை இந்த ஆண்டு மூடப்போவதாக யாஹூ அறிவித்துவிட்டது. 1999-ல் பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்புக்கு வாங்கிய இடம். கேமரா உலகத்தில் எத்தனை பக்கங்கள் அங்கே இருக்கின்றன தெரியுமா? நான் ஷட்டர் பழுது கற்றுக்கொண்டதே அங்கேயிருந்த ஒரு பக்கத்தில்தான். எழுதியவர் 2002-க்குப் பிறகு அதைத் தொட்டதே இல்லை. நேற்று அவருக்கு மடல் அனுப்பினேன், முகவரி இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

இலவச இடம் என்றால் செலவு இல்லை என்று நவம்பரில் இங்கே ஒருவர் வாதாடினார். செலவு இருக்கிறது, வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கட்டுப்படியாகாத நாளில் நம்மைக் கேட்க மாட்டார்.

டாட்காம் சரிவோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்று தம்பி கேட்டிருந்தார். அமெரிக்க இணைய விளம்பர வருமானம் 2000-ல் 810 கோடி டாலர், 2001-ல் 710 கோடி, 2002-ல் 600 கோடி. இரண்டு ஆண்டில் கால் பங்கு காணாமல் போனது. போன ஆண்டு அதே கணக்கு 2,340 கோடி. ஆக இனி என்ன விழுந்தாலும் 2002 நிலைமைக்குப் போகாது என்று நினைக்கிறேன்.

2009 மே 30

ஒரு புதுத் திருப்பம். கேமராவின் பின்கதவில் ஒளி புகாமல் ஒட்டும் நுரைப் பட்டைகளை வெட்டி விற்கிற ஒருவர் மடல் எழுதினார். பழைய கேமரா எதைத் திறந்தாலும் அந்த நுரை கறுப்புப் பிசினாக உருகிக் கிடக்கும், என் வாசகர் எல்லாருக்கும் வேண்டிய சரக்கு. நடுவில் வலையமைப்பு எதுவும் வேண்டாம், ஒரு வருஷத்துக்கு மொத்தமாகத் தருகிறேன், ஒரே ஒரு சின்னப் படம் போடுங்கள் என்றார்.

எவ்வளவு கேட்பது என்று தெரியாமல் இரண்டு நாள் முழித்தேன். ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் அற்பத் தொகை வருகிறது. கடைசியில் வேறு மாதிரி கேட்டேன்: "என் வாசகரில் மாதம் எத்தனை பேர் வாங்கினால் உங்களுக்குக் கட்டும்?" அவர் ஆறு பேர் என்றார். அந்த ஆறு பேரின் லாபத்தில் பாதியைத் தாருங்கள் என்றேன். சரி என்றுவிட்டார். புது சர்வரின் பத்து மாத வாடகை ஒரே தவணையில் வந்துவிட்டது.

சங்கடம் எங்கே என்றால், அவருடைய பட்டையில் பசை கொஞ்சம் மட்டம். வெயிலில் நழுவுகிறது. முன்பே என் தளத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். அந்த வரியை எடுக்கவா வேண்டாமா என்று அவரிடமே கேட்டேன். "எடுக்க வேண்டாம், பசையை மாற்றிவிட்டேன் என்று கீழே ஒரு வரி சேருங்கள்" என்றார். புதுப் பட்டையை ஒட்டிப் பார்த்துவிட்டுச் சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு மடலும் வந்தது. பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் சில இணைப்புகள் போட்டால் நல்ல பணம் என்று. அதைக் குப்பையில் போட்டேன். தேடலில் தளத்தின் இடம் போனால் திரும்ப வாங்க முடியாது.

2009 ஜூன் 27

கோடாக் 22-ஆம் தேதி கோடக்ரோமை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 1935-ல் வந்த ஃபிலிம். அந்த வாரம் என் தளத்துக்கு வழக்கத்தைவிட மூன்று மடங்கு கூட்டம். விளம்பர வருமானம் எவ்வளவு கூடியது? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எதையும் அழுத்துவதில்லை.

ஆனால் நுரைப் பட்டைக்காரருக்கு அந்த வாரம் 14 பேர் வந்தார்களாம். அலமாரியில் தூங்கிய கேமராவைக் கடைசி ரோலுக்காக எடுத்துத் திறந்து பார்த்திருக்கிறார்கள், நுரை பிசினாகியிருக்கிறது.

(பசை இப்போது பரவாயில்லை. வரியைச் சேர்த்துவிட்டேன்.)

2009 ஆகஸ்ட் 9

இவ்வளவு நேரம் காசையே பேசிக்கொண்டிருந்தோம். போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு தளம் மறைந்தது. லென்ஸ் அமைப்புகளின் குறுக்குவெட்டுப் படங்கள், வேறெங்கும் கிடைக்காதவை. காசுப் பிரச்சினை துளியும் இல்லை, அதில் விளம்பரமே கிடையாது. நடத்தியவர் உடம்பு முடியாமல் மருத்துவமனையில் இருந்தார். டொமைன் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருந்தார், ஆனால் அதற்குக் கொடுத்திருந்த கடன் அட்டை காலாவதி. நினைவூட்டல் மடல்கள் அதே டொமைனில் இருந்த முகவரிக்குப் போயின. டொமைன் முடங்கியதும் மடலும் முடங்கிற்று.

டாட்காம் பெயர் என்றால் நீக்கிய பிறகும் மீட்க 30 நாள் உண்டு, அப்புறம் ஐந்து நாளில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவர் வீட்டுக்கு வந்தபோது அதுவும் கடந்திருந்தது. இப்போது அந்தப் பெயரைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்க விளம்பரம்.

இந்த இழையைத் தொடங்கியபோது இது என் மண்டையில் இல்லவே இல்லை. நானும் கடவுச்சொற்களை யாருக்கும் கொடுத்ததில்லை. இந்த வாரம் என் தங்கையிடம் ஒரு மூடிய உறை கொடுத்திருக்கிறேன். தளத்தின் முழு நகலையும் வாசகர் இரண்டு பேர் மாதம் ஒருமுறை இறக்கிக்கொள்கிறார்கள். டொமைனைப் பத்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன், டிசம்பரில் வந்த நன்கொடையில் மிச்சமிருந்தது.

2009 அக்டோபர் 27

ஜியோசிட்டீஸ் நேற்றோடு முடிந்தது. நான் கற்றுக்கொண்ட அந்தப் பக்கத்தைக் கோடையிலேயே இறக்கி வைத்துவிட்டேன். ஆர்க்கைவ் டீம் என்று ஒரு தன்னார்வக் குழுவும் முடிந்த அளவு அள்ளியிருக்கிறது.

2010 மார்ச் 10

ஆர்ஸ் டெக்னிக்கா தளம் 12 மணி நேரத்துக்கு ஒரு சோதனை செய்தது. விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தவர்களுக்குக் கட்டுரையையும் காட்டவில்லை. ஒரே ரகளை. நம் இழையிலும் இரண்டு நாளாக அந்தச் சண்டைதான்.

என் வாசகர்கள் திருப்புளி எடுத்துக் கேமராவைப் பிரிக்கிற ஆட்கள், உலாவியைச் சும்மா விடுவார்களா? கால்வாசிப் பேராவது தடுப்பான் வைத்திருக்கிறார்கள். அவர்களைத் தடுத்தால் போவது யார் என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். டிசம்பரில் நன்கொடை கொடுத்தவர்கள், பிழை திருத்தம் அனுப்புகிறவர்கள், நகல் வைத்திருக்கும் அந்த இரண்டு பேர். விளம்பரத்தை அழுத்துவது தேடலில் வந்து விழுந்து, நகப் பூஞ்சை என்று நினைத்து ஏமாந்து போகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் தொடர்பே இல்லை. போன டிசம்பரில், "நான் போடலாம் என்று இருந்தேனே" என்ற நாலு பேரில் ஒருவர் கூடப் போடவில்லை. அந்தக் கணிப்பையும் திருத்திக்கொள்கிறேன்.

2010 ஏப்ரல் 18

2009 கணக்கு வந்துவிட்டது. அமெரிக்க இணைய விளம்பர வருமானம் 2,270 கோடி டாலர், விழுந்தது வெறும் 3.4 சதவீதம். என்னுடையது ஆகஸ்ட் 2008-ன் பாதிக்கும் கீழே. தேடல் விளம்பரம் தாக்குப்பிடித்தது, பெரிய தளங்கள் தாக்குப்பிடித்தன. என்னைப் போன்ற சின்னத் தளங்கள் இருக்கும் வாலில்தான் வெட்டு பலமாக விழுந்திருக்கும் போலிருக்கிறது. தம்பி, இந்த இடத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. மந்தம் முடிந்தால் பழைய விலை திரும்பும் என்று நான் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன், அந்த நம்பிக்கை இப்போது இல்லை.

2010 மே 25

2008 நவம்பர் 19 குறிப்புக்குத் திருத்தம். பங்கு பாதிக்குப் பாதி இல்லை. கூகுள் நேற்று வெளியிட்டுவிட்டது: நம் மாதிரித் தளங்களுக்கு 68 சதவீதம், தேடல் பெட்டி விளம்பரங்களுக்கு 51. முதலாவது 2003 முதல் மாறவே இல்லையாம். ஏழு வருஷமாக அவர்கள் பாதியை எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2010 மே 29

தம்பியின் மடல் வந்தது. 2009 முடிவுக்குள் எல்லாரும் மூடிவிடுவார்கள் என்று சொன்னவர், தன் தளத்தை மூடவில்லையாம். சர்வரைச் சின்னதாக்கி, விளம்பரத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, மூன்று மாதமாக ஒன்றும் எழுதாமல் வைத்திருக்கிறாராம். "இது உயிரோடு இருப்பதில் சேருமா அண்ணா?" என்று கேட்கிறார். சேரும். நானும் பிப்ரவரிக்குப் பிறகு ஒரு கேமராவைக்கூடத் திறக்கவில்லை.

மற்றபடி, பென்டாக்ஸ் கே1000 கையேட்டில் 34-ஆம் பக்கம் காணவில்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றியபோது விட்டுப்போயிருக்கிறது, ஒன்றேகால் வருஷமாக எனக்குத் தெரியாது. மூலத் தாள் அலமாரியில்தான் இருக்கிறது. நாளை ஸ்கேன் செய்து போடுகிறேன்.